வழக்கறிஞர் பதில்: பிளேடு கீறிய பையும் ஐந்து அட்டைகளும்

டெல்டா மாவட்டம் ஒன்றின் சிற்றூரில், வீட்டிலேயே தையல் தொழில் செய்துவரும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் உறவினர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டுக் கூட்டமான பேருந்தில் ஊர் திரும்பியிருக்கிறார். இறங்கிப் பார்த்தபோது தோள் பையின் அடிப்பக்கம் பிளேடால் கீறப்பட்டிருந்தது. உள்ளே இருந்த பர்ஸைக் காணவில்லை. அதில் 1,400 ரூபாய் பணமும், ஆதார், பான், வாக்காளர் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், குடும்ப அட்டை ஆகிய ஐந்தும், ஏ.டி.எம். அட்டையும், அதன் ரகசிய எண்ணை எழுதி நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த காவல் நிலையத்தில் "இதற்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதிக் கொடுக்க மனம் வராமல் திரும்பிவிட்டார். ஊரில் பிரவுசிங் சென்டர் நடத்துபவர், 3,000 ரூபாய் கொடுத்தால் ஆதாரும் பானும் "புது நம்பரிலேயே" வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஆதாரில் பதிந்த கைப்பேசி எண் இரண்டு ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லை. ஆதாரில் கணவர் இனிஷியல், பானில் தந்தை பெயர் என்று பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இன்னும் நாற்பது நாளில் பிறந்த வீட்டுச் சொத்து தொடர்பாகச் சகோதரர்களுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் அவருக்கு 51 வயது நிறைகிறது. "யாராவது என் பேரில் கடன் வாங்கிவிடுவார்களோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஐந்து அட்டைகளைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள், ஏ.டி.எம். அட்டைக்கு ஒரே ஒரு வரிதான். "அந்தக் கணக்கில் நானூறு ரூபாய்கூட இல்லை, அதனால் வங்கிக்குச் சொல்லவில்லை" என்கிறீர்கள். நான் முதலில் கவலைப்படுவது அந்த வரியைப் பற்றித்தான். பணம் இல்லாத கணக்கைத் திருடனால் ஒன்றும் செய்ய முடியாது என்ற எண்ணம் இன்று சரியல்ல. இணைய மோசடிக்காரர்களுக்குத் தேவைப்படுவது பணம் இருக்கும் கணக்கு மட்டுமன்று. பிறரிடம் பறித்த பணத்தைப் போட்டு உடனே எடுப்பதற்கு, தங்கள் பெயர் இல்லாத ஒரு கணக்கும் வேண்டும். அட்டையும் ரகசிய எண்ணும் ஒன்றாகக் கிடைத்தால் உங்கள் கணக்கு அதற்குப் போதும். நாளை வேறொரு மாநிலத்துக் காவல்துறை அந்தக் கணக்கை முடக்கினால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். மகளிர் உரிமைத் தொகை வருவதும் அதே கணக்கில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் நின்றுவிடும்.

ஆகவே இந்தப் பதிலை மேலே படிப்பதற்கு முன் வங்கியின் கட்டணமில்லா எண்ணை அழைத்து அட்டையை முடக்குங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணைத் தேதி, நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிளைக்குப் போய்ப் புதிய அட்டைக்கு விண்ணப்பித்து, இந்த மூன்று வார வரவு செலவைப் பாஸ்புக்கில் பதிந்து வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தகவல் தரும் வரை வாடிக்கையாளரையே சேரும் என்றும், தகவல் தந்த பிறகு நேர்வது வங்கியைச் சேரும் என்றும் சொல்கிறது. ரகசிய எண்ணை எழுதி அட்டையோடு வைத்திருந்தது கவனக்குறைவுதான். அதை மறுத்து வாதாட வழியில்லை. பாஸ்புக்கில் உங்களுக்குத் தெரியாத பரிமாற்றம் எதுவும் இருந்தால் அன்றே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள்.

தொலைந்ததா, திருடப்பட்டதா?

"தொலைந்துவிட்டது" என்று எழுதிக் கொடுக்காமல் திரும்பியது சரியான முடிவு. பை கீறப்பட்டிருக்கும்போது அது தொலைந்ததாகாது, திருட்டு. நடந்ததற்கு மாறாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த தாள், பின்னாளில் உங்கள் பெயரில் ஏதாவது மோசடி நடந்து நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால், உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி சட்டப்படி உண்மை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. முன்பு எந்தத் திருட்டானாலும் காவல்துறை நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கலாம். இப்போது இந்தச் சிறு திருட்டில், குற்றவியல் நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாது. உங்கள் பர்ஸில் இருந்தது 1,400 ரூபாய். அட்டைகளின் மதிப்பு உங்களுக்குப் பெரிது. சந்தை மதிப்பாகக் கணக்கிட்டால் அது ஒன்றுமில்லை. எனவே எஃப்.ஐ.ஆர். போட மறுத்ததற்காக மேலதிகாரிக்கு மனு, நீதிமன்றத்தில் மனு என்று அலைய நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

திருட்டு என்று புகாரை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியது மட்டும் தவறு. இத்தகைய குற்றத்திலும் தகவலைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174-ஆவது பிரிவு கூறுகிறது. நம் ஊர் வழக்கில் இதற்குக் கிடைப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. ஒரு பக்கத்தில் புகார் எழுதுங்கள். பயணம் செய்த தேதி, பேருந்தின் தடம், பை கீறப்பட்டிருந்த விவரம், காணாமற்போன ஒவ்வோர் அட்டையின் பெயர், தெரிந்தவரை அவற்றின் எண்கள் ஆகியவற்றோடு, "இவை என் பெயரில் தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று அஞ்சுகிறேன்" என்ற வாக்கியத்தையும் சேருங்கள். கீறப்பட்ட பையை இன்னும் தைக்காமல் வைத்திருந்தால் அப்படியே இருக்கட்டும், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் போக மறுபடியும் தயக்கமாக இருந்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒப்புகையுடன் அனுப்பலாம்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கென ஓர் அறிக்கையை நாமே பதிவுசெய்து அச்செடுக்கும் வசதி இருக்கிறது. எந்த நிலைய எல்லை என்ற கேள்வியே எழாது என்பதால் மிகவும் உதவியான ஏற்பாடு. ஆனால் பெயரிலேயே இருக்கிறபடி அது தொலைந்தவற்றுக்கு உரியது. அதன் பேரில் விசாரணையும் நடக்காது. உங்கள் நிலைமைக்கு சி.எஸ்.ஆர். ரசீதே பொருத்தம்.

செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க வேண்டும், "கண்டுபிடிக்க இயலவில்லை" என்று காவல்துறைச் சான்று வாங்க வேண்டும், இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சொத்தின் மூலப் பத்திரம் தொலைந்தவர்கள் செய்ய வேண்டியதை உங்கள் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். ஆதாருக்கும் பானுக்கும் இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. காவல்துறைத் தாளே கேட்கமாட்டார்கள்.

ஆதார்: அட்டையைவிடக் கைப்பேசி எண்

ஆதார் என்பது பன்னிரண்டு இலக்க எண்ணும் அதற்குப் பின்னால் பதிந்திருக்கும் உங்கள் கைரேகை, கருவிழி விவரங்களுமே. நீங்கள் லேமினேட் செய்து வைத்திருந்தது அந்த எண்ணைத் தெரிவித்து வந்த கடிதம், அதுதான் போயிருக்கிறது. ஒருவருக்கு ஒரே ஆதார் எண்தான் கிடைக்கும். புதிதாகப் பதியப் போனால் உங்கள் கைரேகை ஏற்கெனவே இருக்கிறது என்று கணினி கண்டுகொண்டு விண்ணப்பத்தை நிராகரித்துவிடும். பிரவுசிங் சென்டர்காரர் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அதிகபட்சம் செய்யக்கூடியது, உங்கள் பழைய எண்ணையே பளபளப்பான பிளாஸ்டிக்கில் அச்சடித்துத் தருவது. அதற்காக உங்கள் விரலையும் வருகிற ஓ.டி.பி.களையும் அவரிடம் கொடுப்பது, போன பர்ஸைவிடப் பெரிய ஆபத்து.

உங்களுக்கு உண்மையான தடை, கைவிடப்பட்ட கைப்பேசி எண். மின்-ஆதாரைத் தரவிறக்குவது, ஆவணங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கரைத் திறப்பது என இரண்டுமே அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைத்தான் கேட்கும். இரண்டு ஆண்டுகளாக ரீசார்ஜ் செய்யாத எண் இப்போது "செத்துப்போன நம்பர்" என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படியன்று. முடக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்துத் தொலைபேசி நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கலாம். உங்கள் எண் இந்நேரம் யாரோ ஒருவரின் கையில் ஒலித்துக்கொண்டிருக்கக்கூடும். அவரும் உங்கள் பர்ஸை எடுத்தவரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் பதற வேண்டியதில்லை. ஆனாலும் பர்ஸ் போகாவிட்டாலும்கூட இது எப்போதோ சரிசெய்திருக்க வேண்டிய ஒன்று.

எனவே நாளையே வட்டாட்சியர் அலுவலகத்திலோ அஞ்சலகத்திலோ வங்கியிலோ உள்ள ஆதார் மையத்துக்கு நேரில் செல்லுங்கள். கைப்பேசி எண்ணை மாற்ற எந்த ஆவணமும் வேண்டாம். கைரேகை போதும், சிறு கட்டணம் உண்டு. ஆதார் எண்ணே நினைவில்லை என்கிறீர்கள். சமையல் எரிவாயு முகவரிடமும் வங்கியிலும் நீங்கள் எப்போதோ கொடுத்த நகல் இருக்கும். பழைய திருமண உதவித்தொகை மனுவோ மகளின் கல்லூரி விண்ணப்பமோ வீட்டில் இருந்தால் அதிலும் எழுதியிருப்பீர்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் ஆதார் மையத்திலேயே தேடி அச்செடுத்துத் தரும் சேவை இருக்கிறது. மாற்றம் பதிவாகச் சில நாட்கள் முதல் ஒரு மாதம் வரை ஆகலாம் என்பதால்தான், நாற்பது நாளில் பத்திரப் பதிவு இருக்கும் உங்களை இந்த வேலையை முதலில் முடிக்கச் சொல்கிறேன்.

கைப்பேசி எண் மாறியதும் மின்-ஆதாரைத் தரவிறக்குங்கள். கேட்கும் கடவுச்சொல், ஆங்கிலப் பெரிய எழுத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருந்தால் அதுவும் அந்த நான்கில் அடங்கும் என்பது தெரியாமல் பலரும் இங்கே முட்டி நிற்பார்கள். மின்-ஆதாருக்குத் தபாலில் வந்த கடிதத்துக்கு உள்ள அதே மதிப்பு சட்டத்தில் உண்டு. அதே இணையதளத்தில், கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலையும் பார்க்கலாம். தூக்கம் கெடுக்கும் கேள்விக்கு விடை அங்கேயே கொஞ்சம் கிடைத்துவிடும்.

கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியைப் பற்றி உங்கள் மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல பாதுகாப்புதான். ஆனால் பூட்டியிருக்கும் வரை ரேஷன் கடையிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் உங்கள் விரலைக் கருவி ஏற்காது. ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டும். கைப்பேசியில் அதைச் செய்ய உங்களுக்குப் பழக்கமில்லை என்றால், பத்திரப் பதிவு முடிந்த பிறகு பூட்டிக்கொள்ளலாம்.

பான்: மறு அச்சு கேளுங்கள், புதிது வேண்டாம்

"பழைய பானை விட்டுவிட்டுப் புது பான் எடுத்தால் திருடன் கையில் இருப்பது செல்லாமல் போய்விடும்" என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. சட்டம் அதை அனுமதிக்கவில்லை. ஒருவர் இரண்டு பான் எண் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. பழைய எண் அட்டையோடு ஒழிந்துவிடுவதில்லை; உங்கள் வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை எல்லாம் அதோடு பிணைந்தவை.

நீங்கள் கேட்க வேண்டியது அதே எண்ணுக்கு மறு அச்சு. வருமான வரித் துறை அங்கீகரித்த புரோட்டீன், யூ.டி.ஐ. ஆகிய இரு நிறுவனங்களில் உங்கள் பானை வழங்கிய நிறுவனத்தின் இணையதளத்தில் 50 ரூபாய் கட்டினால் அட்டை தபாலில் வரும். பான் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் வரும் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் பான் வாங்கியபோது வாடகை வீட்டில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முகவரியை முதலில் மாற்றாவிட்டால் அட்டை அந்தப் பழைய வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரும். பான் எண் வங்கியில் இருக்கும். பாஸ்புக் பதியப் போகும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதாரோடு பான் இணைந்திருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். இணைக்காத பான்கள் 2023 ஜூலை முதல் செயலற்றுக் கிடக்கின்றன.

ஓட்டுநர் உரிமம்: நகல் அல்ல, புதுப்பித்தல்

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2012-இல் ஸ்கூட்டி ஓட்ட உரிமம் எடுத்ததாகவும் "இருபது வருஷத்துக்குச் செல்லும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அன்றைய சட்டப்படி உரிமம் இருபது ஆண்டுகளுக்கு, அல்லது ஐம்பது வயது நிறையும் நாள் வரை, இரண்டில் எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். உங்களுக்கு ஐம்பது வயது நிறைந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. அந்த அட்டை பர்ஸில் இருந்தபோதே காலாவதியாகிவிட்டது. திருடன் வராவிட்டால் இது உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, காலாவதியான நாளில் இருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் சோதனை இல்லாமல் புதுப்பிக்கலாம். ஓராண்டு தாண்டினால் மறுபடியும் வண்டி ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். உங்கள் பிறந்தநாள் வரைதான் அவகாசம். 'பரிவாகன்' இணையதளத்தில் விண்ணப்பித்து, நாற்பது வயது கடந்தவர்களுக்கு உரிய மருத்துவச் சான்றையும் சி.எஸ்.ஆர். நகலையும் இணையுங்கள். உரிம எண் தெரியாவிட்டால் உரிமம் வழங்கிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர், பிறந்த தேதி கொண்டு எடுத்துத் தருவார்கள். புதுப்பிக்கும் வரை வண்டியைத் தொடாதீர்கள். செல்லுபடியாகும் உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம் என்பதோடு, விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். புதிய உரிமம் வந்தபின் டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டால், வாகனச் சோதனையில் கைப்பேசியைக் காட்டினாலே போதும். அட்டையைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

வாக்காளர் அட்டையும் குடும்ப அட்டையும்

இவை இரண்டும் எளியவை. வாக்களிக்கும் உரிமையைத் தருவது வாக்காளர் பட்டியலில் இருக்கும் உங்கள் பெயர். அட்டை இல்லாவிட்டாலும் பெயர் இருந்தால், தேர்தல் ஆணையம் ஏற்கும் வேறு அடையாள ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். பெயர் இல்லாவிட்டால் அட்டை இருந்தும் பயனில்லை. எனவே முதலில் பட்டியலைப் பாருங்கள். பிறகு படிவம் 8-இல், அட்டை தொலைந்ததற்கான மாற்று அட்டை என்ற பகுதியை நிரப்பி இணையத்திலோ வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ கொடுங்கள்.

குடும்ப அட்டைக்கு உணவு வழங்கல் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ நகல் கோரி விண்ணப்பிக்கலாம். இழுபறியானால் வட்ட வழங்கல் அலுவலரைப் பாருங்கள். அட்டை போனதால் மகளிர் உரிமைத் தொகை ரத்தாகிவிடும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னது வெறும் பேச்சு.

இனிஷியலை இப்போது தொடாதீர்கள்

"எல்லாம் புதிதாக வாங்கும்போதே பெயரையும் ஒன்றாக்கிவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை நியாயமானது, நேரம் சரியில்லை. நகல் வாங்குவது ஒரு வேலை, திருத்துவது வேறொரு வேலை. இரண்டையும் சேர்த்தால் ஒவ்வோர் அலுவலகமும் மற்றோர் அட்டையைச் சான்றாகக் கேட்கும், உங்களிடமோ எதுவும் கையில் இல்லை.

உங்கள் பெயரை ரேவதி என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்தோடு "கே. ரேவதி" என்றிருக்கிறது, பானில் "ரேவதி சுப்பிரமணியன்" என்று தந்தை பெயர் பின்னால் வந்திருக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை. பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்பதில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். குடும்பப் பெயர் வழக்கமில்லாத நம் ஊரில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுவதைத் தவிர வேறு வழியும் இல்லை. தமிழ்நாட்டில் பாதிப் பேரின் ஆவணங்கள் இப்படித்தான் இருக்கின்றன. கல்யாணமானதும் பெண் இனிஷியலை மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பதையும், மாற்றாமல் இருந்திருந்தால் உங்களுக்குப் பாதிச் சிக்கல் வந்திருக்காது என்பதையும், இனி உங்கள் மகளுக்காவது சொல்லிவையுங்கள்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அவசரத்தில் ஒன்றைச் செலவழிக்காதீர்கள். எந்த வடிவம் நிலைக்க வேண்டும் என்று வீட்டில் நிதானமாக முடிவுசெய்து, பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துப் பிறகு திருத்துங்கள். பெயரையே முழுவதும் மாற்ற விரும்பினால்தான் அரசிதழ் அறிவிப்பு தேவைப்படும். உங்களுக்கு அதற்கு அவசியம் வராது.

பத்திரப் பதிவுக்கு இந்த வேறுபாடு தடையாக இருக்காது. "கே. ரேவதி என்கிற ரேவதி சுப்பிரமணியன்" என்று ஆவணத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 'என்கிற' என்ற அந்த ஒரு சொல், பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டுவரும் தீர்வு. பதிவுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, வந்திருப்பவர் அந்த நபர்தான் என்று சார்பதிவாளர் திருப்தியடைய வேண்டும். அதற்கு மின்-ஆதாரும் அடையாளம் காட்டும் சாட்சிகளும் இருந்தால் வேலை நடக்கும். சகோதரர்கள் தேதியை நெருக்கினாலும், ஆதார் கைக்கு வருமுன் பதிவுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்னொன்று: இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். என்ன மதிப்புள்ளதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

கடன் பற்றிய அச்சம்

உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை ஊகத்திலேயே வைத்திருக்கத் தேவையில்லை, பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கடன் விவரங்களைத் திரட்டும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் ஒரே நாளில் கேட்டுவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் கேட்டால் ஓராண்டு முழுவதும் கண்காணித்ததாகிவிடும். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளம் காட்டும். உங்களுடையதல்லாத எண் தெரிந்தால் அங்கேயே முறையிடலாம்.

நீங்கள் வாங்காத கடன் ஒன்று அறிக்கையில் இருந்தால், அன்று நிலைமை வேறு. பிறர் அடையாளத்தைப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். அதற்குக் காவல்துறை நேரடியாக எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாக மறுப்பு அனுப்பும்போது, திருட்டு நடந்த அந்த வாரத்திலேயே இல்லாவிட்டாலும், சில வாரங்களுக்குள்ளாகவாவது உண்மையை எழுதி வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது உங்கள் முதல் சான்றாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. பணத்தை எடுத்துக்கொண்டு அட்டைகளைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் பிக்பாக்கெட்காரர்கள் இன்றும் உண்டு. என்றாவது ஒருநாள் தபால்காரர் ஓர் உறையோடு உங்கள் வாசலில் நிற்கக்கூடும். அப்படி வந்தால் பான் அட்டையையும் ஆதாரையும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், எண் ஒன்றுதான். மாற்று அட்டை வாங்கிய பிறகு பழைய வாக்காளர் அட்டையையும் ஓட்டுநர் உரிமத்தையும் உரிய அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். ஏ.டி.எம். அட்டையைக் குறுக்கே வெட்டிப் போடுங்கள், அந்தத் துண்டுச் சீட்டையும் சேர்த்து.